மாட்டேன், மாட்டேனா

அல்கோஷில் மின்சாரம் போன இரவு.
தீர்க்கதரிசியின் கடைசி வரியில் சிக்கிக் கிடந்தார் ஓராஹா,
மெழுகு விரலில் விழுவதும் தெரியாமல்.

பழைய எபிரேய ஏட்டில் கேள்விக்குறி கிடையாது.
நினிவேக்கு
இரங்க மாட்டேன் என்கிறாரா கடவுள்,
இரங்க மாட்டேனா என்கிறாரா?
குரல் எப்போதோ போய்விட்டது.
எழுத்துதான் மிச்சம்.

எழுதினார். அடித்தார்.
அடித்ததன் மேலேயே எழுதினார்.

கீழே, சாலையில்,
அந்த நகரத்திலிருந்து வண்டிகள்.
இன்று மோசூல் என்கிறார்கள் அதை.
ஒரு லாரியில் மெத்தைகள்,
மெத்தைமேல் பிள்ளைகள்,
நடுவே கால் கட்டிய செம்மறி.

"தண்ணீர் இருக்குமா?"
வாசலில் ஒருத்தி,
வலக்கை இடக்கை தெரியாத ஒன்று
இடுப்பில் தூங்க.

பேனாவை மூடாமலே எழுந்து போனார்.
குடம் நிறையுமுன்
மை காய்ந்துவிட்டிருந்தது.

இறக்கிவிட்டதும்
முதலில் குடித்தது ஆடு.