நாற்பத்தேழாவது கட்டை

எனக்கு வேலை பல்செட் செய்வது.
அதனால்தான்
உராசாகிப் பூங்காவின் வேலிக்குள்
சேற்றிலிருந்து முதல் கான்கிரீட் கட்டைகள் தலைநீட்டியபோது
யாரோ ஈறில் திருகு வைக்கிறார்கள் என்று தோன்றியது.

சனிக்கிழமைகளில்
பேரங்காடியின் வண்டி நிறுத்தம், ஆறாவது தளம்.
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் ஹிசானோ
பைனாகுலரோடு வருவாள்.
மீன் பிரிவில் கத்தி பிடிக்கும் தொகிதா
எத்தனை கழுவியும் போகாத கானாங்கெளுத்தி வாசனையோடு.
கூடவே அவன் மகன் கன்தா,
நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர்.
நூற்று முப்பது இருந்தால்தான் ஏற விடுவார்கள்.
சுவரில் பென்சிலால் தன்னைக் கோடு போட்டுக்கொள்வான்.
கோபுரமா இவனா என்று எங்களுக்குள் பந்தயம்;
ஜூன் மழையில் கோபுரம் முந்திக்கொண்டது.

நிர்வாகம் வாய் திறக்கவில்லை.
"வசந்தத்தில் சந்திப்போம்" என்று ஒரு பலகை, அவ்வளவுதான்.
மிச்சத்தைக் கட்டைகள் சொல்லின.
நெருங்கி நின்றால் வளைவு.
போல்ட்டுகள் சாய்ந்திருந்தால்
அங்கே தோள் பக்கத்து ஆளின் மேல் போய் விழும்.
எட்ட எட்ட நின்றால்
வயிறு ஒரு கணம் காணாமல் போகும் இடம்.
கட்டம் போட்ட நோட்டில் ஹிசானோ அளந்து அளந்து வரைந்தாள்.
நாற்பத்தாறும் கோட்டில் வந்து உட்கார்ந்தன.

நாற்பத்தேழாவது மட்டும்
கடற்சுவரோரம், தன்னந்தனியே,
தாடைக்கு வெளியே முளைத்த பல்.

ஆளாளுக்கு ஒரு விளக்கம்.
கடலுக்கு மேலே ஒரு தலைகீழ்ச் சுழல் என்றான் தொகிதா.
யாருக்கும் சொல்லாத இரண்டாவது தடம் என்றாள் ஹிசானோ.
கான்கிரீட் மிஞ்சியிருக்கும் என்றேன் நான்.
ஒரு வாரம் இருவரும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பரில், இரவு இரண்டு மணிக்கு,
துறைமுகத்திலிருந்து லாரிகளில் தண்டவாளம் வந்தது.
சிக்னலில் நின்றபோது தார்ப்பாய் விலகி
முட்டையின் மஞ்சள் கரு நிறம்.
ஹிசானோ என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.
சிவப்பு என்று சொல்லியிருந்தேன்,
ஆயிரம் யென் போனது.

புயல் வந்த வாரம் கிரேன்கள் கழுத்தை மடித்துப் படுத்தன.
புயல் போன மறுநாள்
அறுபது மீட்டர் உயரத்தில் வெள்ளைத் தொப்பி ஒன்று
கால் தொங்கவிட்டுச் சோற்று உருண்டை தின்றது.
ஹிசானோ தன்னுடையதை உயர்த்திக் காட்டினாள்.
அந்த ஆள் பார்த்திருக்க வழியில்லை.
ஆனாலும் அதற்குப்பின் தினமும் பன்னிரண்டு மணிக்குத்தான்
அவளுக்குப் பசித்தது.

ஜனவரி. முதல் ஓட்டம்.
இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள்.
முதல் மேடு, இரண்டாம் மேடு,
மூன்றாவதன் உச்சியில் வண்டி யோசித்தது.
யோசித்து
பின்வாங்கி
பள்ளத்தில் ஊசலாடி நின்றுவிட்டது.
பக்கத்தில் காய்கறிப் பையோடு வந்தவர்
நாங்கள் ஏன் கைதட்டுகிறோம் என்று பார்த்துவிட்டுப் போனார்.
குளிரில் மசகு இறுகியிருக்கும் என்றான் தொகிதா,
தன் பிள்ளை ஃபெயிலான மாதிரி.

ஏப்ரல், திறப்பு நாள்.
கன்தா நூற்று முப்பது, முடியையும் சேர்த்தால்.
காலை ஐந்து மணியிலிருந்து வரிசை.
பத்து மணிக்குச் சீருடைப் பெண் ஒருத்தி
இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்:
காற்று அதிகம். ஓட்டம் நிறுத்தம்.

எந்தக் காற்று, எவன் அளந்தான் என்று
தொகிதா திரும்பியபோதுதான் பார்த்தோம்.
கடற்சுவரோரம் அந்தக் கட்டையின் மேல்
மெல்லிய கம்பம்.
உச்சியில் சின்னக் கிண்ணங்கள்
ஒன்றையொன்று துரத்தி
வெறும் சாம்பல் வளையமாகிச் சுழன்றன.
பூங்கா முழுக்க எல்லாம் நிற்க
அது மட்டும் ஓடியது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது.
ஹிசானோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.
கான்கிரீட் மிஞ்சவில்லை என்று நான் ஒப்புக்கொண்டேன்.

கம்பத்தடியில் உட்கார்ந்தோம்,
நூடுல்ஸ் தட்டு பறக்காமல் முழங்காலால் அழுத்தி.
ஒரு மணி. இரண்டு. கூட்டம் கலைந்தது.
மூன்றரைக்கு மேல்
வளையம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது.
நாலேகாலுக்குக் கிண்ணங்களை எண்ண முடிந்தது:
ஒன்று, இரண்டு, மூன்று.

கன்தா எழுந்து
படிந்த முடியை விரலால் கோதி
மேலே நிமிர்த்திவிட்டுக்கொண்டான்.