பதினெட்டு மீட்டர்

ஆகஸ்ட் இருபத்திரண்டு. மொர்வான் சரிவில்
பெரணி என் இடுப்புவரை வளர்ந்திருக்கிறது.
ஷத்தோ ஷினோன் கடையில் வாங்கிய அரிவாள்,
கைப்பிடி பெரிது, ஆண் கைக்குச் செய்தது.
நிலத்துக்காரி மதாம் பெர்த்தியே
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:
"ஓக் கன்றைத் தொடாதே. மற்றதெல்லாம் உன் பாடு."

அம்பு போகும் வழி
ஆள் போகும் வழி அல்ல.
விரல் கனத்தில் ஒரு சுள்ளி போதும்,
நெஞ்சுக்குப் போக வேண்டியதைக்
குடலுக்குத் திருப்பிவிட.
அதனால் மண்டியிட்டுத்தான் வெட்டுகிறேன்,
மானின் விலா எந்த உயரமோ
அந்த உயரத்தில் கண்ணை வைத்து.
முள்கொடி, மறுபடி முள்கொடி,
காலுறைக்குள் புகுந்த எறும்பு.

போன வருடம் பரண் கட்டிய பீச் மரம்
பெருத்துவிட்டது. பட்டி அதன் தோலில் பதிந்து
ஒரு வளையம் விட்டிருக்கிறது.
அவிழ்த்து, மரத்தைத் தடவிக்கொடுத்து,
இரண்டு விரல் தளர்த்திக் கட்டினேன்.
மரத்திடம் மன்னிப்புக் கேட்கப்
பிரெஞ்சா தமிழா என்று ஒரு கணம் யோசித்தேன்.

வீட்டில் மூன்று வாரமாகத் தாளிப்பு இல்லை.
வேட்டை உடுப்பு வாசனையில்லாச் சோப்பில் அலசி
தோட்டத்துக் கொடியில் காய்கிறது.
பெருங்காய டப்பா காரின் பின்பெட்டியில்
நாடு கடத்தப்பட்டிருக்கிறது.
"கடுகு வெடிக்காத வீட்டில்
மனுஷன் எப்படித் தூங்குவான்?" என்கிறார் அமலோர்.
தூங்கத்தான் செய்கிறார், குறட்டையோடு.

நாற்பது பவுண்டு வில்.
நாணுக்கு மெழுகு தேய்த்து விரலால் சூடேற்றுகிறேன்.
மேசைமேல் ஒவ்வொரு அம்பாக முனையில் நிறுத்திச் சுழற்றுகிறேன்.
பதினொன்று சத்தமில்லாமல் சுற்றின,
ஒன்று முனகியது.
அதைத் தக்காளிக்கு முட்டுக் கொடுத்தாயிற்று.

சங்கத் தலைவர் ஓகுஸ்த் கேட்டார்,
எல்லாரும் துப்பாக்கி, உனக்கு ஏன் இது?
துப்பாக்கிக்கு இருநூறு மீட்டர், முசியோ.
அவ்வளவு தூரத்தில் எனக்கு யாரையும் தெரியாது.
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
இருபத்தைந்தில் என் அம்பு
நுரைமானைத் தாண்டிப் பூசணிப் பாத்தியில் குத்தி நின்றது.
இருபதில் மூன்றுக்கு இரண்டு.
பதினெட்டில் மூன்றும்.
ஆகவே பரணிலிருந்து பதினெட்டாவது மீட்டரில்
ஒரு முளை அடித்தேன்.
அதற்கு அப்பால் நிற்பது என் மான் அல்ல,
எவ்வளவு பெரிய கொம்பானாலும்.

மரத்தில் கட்டிய கேமராவைக் கழற்றி வந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு படம்.
முந்நூற்றுச் சொச்சத்தில் நான்தான்:
குனியும் நான், ரொட்டி தின்னும் நான்,
குளவிக்குப் பயந்து ஓடும் நான்,
ஒன்றுமே செய்யாமல் வானம் பார்க்கும் நான்.
என்னை இத்தனை நாள்
இவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லை.

நான் இறங்கிப்போன நாற்பதாவது நிமிடம்
பிணை ஒன்று வருகிறது.
நான் உட்கார்ந்த கல்லை முகர்கிறது.
சோப்பு யாரை ஏமாற்றியது தெரியவில்லை.
அப்புறம் வெட்டிய இடத்தில் விட்ட தளிரை
அதன் குட்டி மேய்கிறது.
விடிகாலை நாலு பத்துப் படத்தில்
இரண்டும் அங்கேயே படுத்திருக்கின்றன,
அம்புக்காக நான் திறந்த வழியில்,
முளையிலிருந்து ஒரு முழம் உள்ளே.

அமலோர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"இதையா?"
இல்லை. இது குட்டிக்காரி.
"அப்போ எது?"
இன்னும் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு செருப்பு மாட்டும் சத்தம்,
கார்க் கதவு திறக்கும் சத்தம்.
நான் திரையிலிருந்து திரும்பவில்லை.
அடுப்படியில் எண்ணெய் காய்ந்தது.
ஒரு கடுகு வெடித்தது.
படத்தில் பிணையின் இடது காது
ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.