படத்தில் விழாதது

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் சிங்களத்தில் சொன்னதை
மிஸ்ஸி தமிழில் சொன்னா:
குருத்தெலும்பு தேஞ்சு போச்சு, ஐயா.
அது படத்தில விழாது.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில
இருட்டா ஒரு இடம் தெரியவேணும்,
அதுதான் அது.
உங்கட முழங்காலில அந்த இடத்தைக் காணேல்ல.

சவரிமுத்து,
நாலாம் குறுக்குத் தெரு நாட்டாமை.
இருபத்தெட்டு வருஷம்
லொறிக்கும் கடைக்கும் நடுவில்,
வெங்காய மூட்டைகளுக்குக் கீழே.
மூட்டைக்குத்தான் கொப்பியில் கணக்கு.

இரத்தம் ஓடாதாம் அதற்குள்.
நரம்பும் இல்லையாம்.
தேயும்போது கத்தத் தெரியாத சாமான்.
அது போன பிறகு
எலும்புகள் ஒன்றையொன்று தொட்டு
அலறும்,
கொச்சிக்கடைப் படியில் முழங்கால் போடும்போது.

வேறெங்கயாச்சும் மிச்சம் இருக்கா என்றார்.
மூக்கு நுனியில, காதில என்று
மிஸ்ஸி சிரித்தா.

காதைத் தடவிப் பார்த்தார்.
காலையில் செருகிய பாதிப் பீடி
விழாமல் இருந்தது.

சத்திரசிகிச்சைக்குத் திகதி எழுதிய துண்டை
நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.
விடியப்புறம் தம்புள்ளை லொறி வரும் என்றார்,
யாரிடமென்று இல்லாமல்,
கதிரையின் இரண்டு கையையும் ஊன்றி
எழும்பும்போது.