ஆண்பூக் காலம்

ஏசி சொட்டும் தண்ணீரில் உப்பில்லை.
பதினோரு வருடம் அதைக் குழாய் வைத்துச்
சாக்கடைக்கு அனுப்பியவன் நான்,
கூலி வாங்கிக்கொண்டு.
இந்த வருடம்தான்
எங்கள் அறைக் குழாயை மட்டும் திருப்பி
ஒரு வாளிக்குள் விட்டேன்.

காற்றில் ஈரம் கனக்கிற நாளில்
விடிவதற்குள் வாளி நிரம்பிவிடும்.
வடக்கிலிருந்து புழுதி வீசினால் கால் வாளிதான்.
சட்டை முதுகோடு ஒட்டுகிற நாளை
நல்ல நாள் என்று சொல்லப் பழகியது
இப்படித்தான்.

குதைபியாவில் மூன்று மாடிக் கட்டடம்.
அறைக்கு எட்டுப் பேர், அத்தனையும் ஆண்கள்.
மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகள்,
யாரும் பார்க்காத டிஷ் ஒன்று
துருவேறி, மேற்கு வானத்தை முறைத்தபடி.
அதன் நிழலில் தொடங்கினேன்.

தயிர் வாளியில் புதினா,
பிரியாணிக்குப் போக மிஞ்சிய நாலு தண்டு.
கொத்தமல்லி விதையைச் செருப்படியில் தேய்த்துப் பிளந்து
எண்ணெய் டின்னில் தூவினேன்.
வெந்தயம் கேட்காமலே முளைத்தது.
மிளகாய்ச் செடி ஒன்று:
அது தன் தட்டிலிருந்து விழுந்த விதையென்று
அருளப்பன் இன்றும் உரிமை கோருகிறான்.

பிப்ரவரிக் கடைசியில் சுரை.
இருபது லிட்டர் பெயிண்ட் வாளி, அடியில் ஐந்து ஓட்டை.
ட்ரில் கம்பெனியுடையது,
மண் மூட்டை இரண்டு தினார்.

ஏப்ரலில் கொடி டிஷ்ஷின் காலைப் பிடித்தது.
ஒரு வாரத்தில் தோள்.
பிறகு பூத்தது.
அந்தியில் விரிந்து காலையில் துவளும் வெள்ளைப் பூ,
பதினேழு எண்ணினேன்,
பதினேழும் ஆண்.
"கட்டடத்துக்கு ஏத்த செடி" என்றான் காஜா.
சிரித்தோம்.
அன்றிரவு வெகுநேரம்
ஒவ்வொரு கட்டிலிலும் போர்வைக்குள்
போனில் மெல்லிய குரல்கள்.

மே முதல் வாரம்
கட்டைவிரல் பிஞ்சோடு ஒரு பெண்பூ.
மூன்றாம் நாள் மஞ்சளாகி விழுந்தது.
அடுத்ததும்.
அதற்கடுத்ததும்.
தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன்,
மீன் கழுவிய நீரை ஊற்றி
இரண்டாம் மாடியிடம் திட்டு வாங்கினேன்.

வாட்ச்மேன் மொஃபிஸுல்
விழுந்த பிஞ்சை உள்ளங்கையில் உருட்டி
"லாவ்" என்றான், அவன் ஊரில் அதற்கு அதுதான் பெயர்.
பிறகு இரு கையையும் இறக்கைபோல் படபடத்து,
வானத்தைக் காட்டி,
உதட்டைப் பிதுக்கினான்.
உண்மைதான்.
இந்த மாடிக்கு வருவது
புறாவும் விமானச் சத்தமும்தான்.

அன்று மஃரிப் பாங்கு முடிந்த கையோடு
எட்டுப் பேரும் மாடியேறினோம்.
ஒருவன் டார்ச் பிடித்தான்.
நான் ஓர் ஆண்பூவைக் கிள்ளி இதழ் களைந்தேன்.
யார் செய்வது?
ராயப்பன்,
இருபத்திரண்டு நாள் லீவில்
கல்யாணம் முடித்துத் திரும்பியவன்,
பேசாமல் கையை நீட்டினான்.
குழந்தையின் காதுக்கு மருந்து விடுகிற மாதிரி
தொட்டான். மூன்று முறை.
கிண்டலுக்கு இடமிருந்தது.
எவனும் கிண்டல் செய்யவில்லை.

காய் நின்றது.
நாளுக்கு ஒரு விரல் நீண்டது.
என் பழைய பனியனைக் கிழித்து
அதற்கு ஊஞ்சல் கட்டினோம்.
கொழுந்தும் இலையும் மொஃபிஸுலுக்கு, காய் எங்களுக்கு,
அப்படித்தான் பேச்சு.
அறுத்த அன்று அவன் இறால் போடச் சொன்னான்,
காஜா பாசிப்பருப்பு என்றான்.
இறால் ஜெயித்தது.
இறால் பொட்டலத்தோடு வந்தவன் அவன்.
ஒன்பது தட்டு.
ராயப்பன் தன் தட்டைப் படமெடுத்து
யாருக்கோ அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட்டான்.

ஜூன் நடுவில் புழுதிக்காற்று.
வாளியில் கையளவு நீர்,
கொடி மூன்றே நாளில் அப்பளம்.
புதினாவைப் படிக்கட்டுக்கு இறக்கினேன்,
சுரையை வேரோடு இழுத்தேன்.
டிஷ் மட்டும்
காயின் கனத்தில் திருகு இளகித்
தலை கவிழ்ந்து கிடந்தது.
மேற்கை விட்டுவிட்டு
வெறும் வாளியைப் பார்க்கிறது.
நிமிர்த்தத்தான் போனேன்.
ஸ்பேனர் கையிலேயே இருந்தது.