ஒற்றைப் புள்ளிச் சில்லறை

பீடோரில் மழை பிடித்துக்கொண்டால்
ஆ கீட் டயர் கடை மாடியில் ஸ்கிராபிள்.
நான் செம்பனை ஆலையின் எடைமேடைக் கிராணி.
எதிரே கிளினிக் டிரசர் இருதயராஜ்,
நரம்பு தேடி ஊசி போடுகிறவரின் பொறுமை.

என் பலகையில் மிஞ்சியதெல்லாம் சில்லறை:
யூ, ஆர், எஸ், ஓ, என்.
எதுவும் கூடிவராத எரிச்சலில்
வாய்க்கு வந்தபடி அடுக்கினேன். உர்சன்.
"இப்படி ஒரு வார்த்தையா?"
"இருக்கு" என்றேன்,
பொய் சொல்லும்போது மட்டும் வருகிற
திடமான குரலில்.

அட்டை போன அகராதியில்
அவர் விரல் இறங்கி, இறங்கி, நின்றது.
இருந்தது.
வட அமெரிக்க முள்ளம்பன்றிக்கு
வழக்கொழிந்த பெயர்.
பிரெஞ்சுக்காரன் கரடிக்குட்டி என்றது
வாய் மாறித் திரிந்தது.

இரட்டிப்புக் கட்டம், பத்துப் புள்ளி.
நான் பார்த்திராத பிராணி
நான் மிதித்திராத பனியில் நின்று
எனக்காகச் சாட்சி சொல்லிப் போனது.

"அவனுக்குக் கரடி, நமக்குப் பன்றி.
அதை அதுவாவே யாரும் கூப்பிடலியா?"

கூப்பிட்டோம் டிரசர்.
எய் என்றொரு சொல் இருந்தது நம்மிடம்.
இப்போது அம்போடு சேர்ந்தால்தான் வாயில் வருகிறது.
அது முள்ளை எய்வதில்லை என்று
தெரிந்தவர்கள்தான் வைத்தார்களோ என்னவோ.

போன வருஷம் பதினாலாம் நம்பர் காட்டில்
இளங்கன்றின் குருத்தைக் கடித்ததென்று
கண்ணி வைத்தோம்.
லண்டாக், லண்டாக் என்று ஓடிவந்தான் ஹம்டான்.
வயிற்றுக்குள் கல்லிருந்தால்
டவுன் மருந்துக்கடையில் கிராம் கணக்கில் விலை.
டார்ச் பிடித்தது நான்.
கிழித்த இரைப்பையில்
மென்ற செம்பனைப் பழம், ஆரஞ்சு நிறத்தில்,
ஆவி பறக்க.
கல் இல்லை.

யாரோ சிரித்தார்கள், நிறுத்துப் பார்க்கலாமென்று.
லாரி ஏறும் மேடையில் தூக்கி வைத்தோம்.
பழைய மேடை, வட்ட முகம்.
முள் அசையவே இல்லை.

இது எதையும் அவரிடம் சொல்லவில்லை.
"உங்க முறை" என்றேன்.

இருதயராஜ் வெகுநேரம் யோசித்தார்.
பிறகு உர்சனின் வாலில்
ஓர் எஸ்ஸை ஒட்டவைத்து
ஒன்றைப் பலவாக்கினார்.
ஆறு புள்ளி எழுதிக்கொண்டார்.

கீழே ஆ கீட்
எந்த டயரிலிருந்தோ எதையோ பிடுங்குகிறான்.
ஆணியாகத்தான் இருக்கும்.