நாலு பேர்

எண்பது பக்கக் கொப்பியில்
முப்பத்தொன்பதாம் வீட்டில் பேனா நின்றது.
எமிலியாம்பிள்ளை, வயது எழுபத்திரண்டு,
இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.
நடப்பவர், நடக்காதவர் என்று
நான் கோடு போட்ட இரண்டு நிரலில்
அவருக்கும் ஓர் இடம் இருந்தது.
அவரைத் தூக்கத்தான் எதுவும் இருக்கவில்லை.

ஐப்பசி முடிகிற கிழமை. வாடை தொடங்கி,
திருக்கடலூரில் வள்ளங்களைத் தெருவரை இழுத்துப் போட்டிருந்தார்கள்.
கோயில் மடத்தில் கூட்டம்.
அன்னதானக் கிடாரம் இரண்டு, எழுதினேன்.
தேவாலய மணிக்குக் கரண்ட் வேண்டாம்,
கயிற்றை மட்டும் மாற்றினால் போதும்.
விகாரை ஹாமதுரு நீர்த்தாங்கியின் திறப்பைத் தந்தார்.
அதில் கட்டிய துண்டில்
‘தண்ணீர்த் தங்கை’ என்று தமிழில் எழுதியிருந்தார்.
யாரும் திருத்தவில்லை.
மெகாபோனைத் திறந்தோம்,
பற்றரி கசிந்து பச்சை பூத்திருந்தது.
போன வருஷம் வாங்கி
போன வருஷமே மறந்தது.

தூக்குகட்டில் கேட்டுப்
பிரதேச செயலகத்துக்கு மூன்று கடிதம்.
பதில் ஒன்று:
கடிதம் கிடைத்தது.

பள்ளிவாசல் செயலாளர் முசம்மில்
அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.
“எங்கட சந்தூக் இருக்கு.
அலுமினியம். பாரமில்ல. நாலு கைப்பிடி.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றியது.
மையத்துப் போகிறதில் உயிரோடு ஒருவரையா?
சகுனம் என்று இழுத்தார் தருமலிங்கம் ஐயா.
முசம்மிலுக்குப் பக்கத்தில் இருந்தவரே
முகத்தைச் சுளித்தார்.
“மௌலவியிட்டக் கேட்டுட்டன். மார்க்கத்தில தடை இல்ல,
எங்கட மனசிலதான்.”
பிறகு, சற்று இறங்கிய குரலில்,
“அவருட்டக் கேக்கணும்.”

என்னை அனுப்பினார்கள்.
பட்டியல் எழுதுகிறவளுக்கு இதுவும் வேலை.

எமிலியாம்பிள்ளை மடியில் ஒரு ரேடியோவைக்
குடலை உருவிப் போட்டிருந்தார்.
நான் சொல்லி முடிக்கவில்லை, சிரித்தார்.
“செத்தா நாலு பேர் வருவாங்க, எனக்குத் தெரியும்.
ஆர் ஆரெண்டு முகம் பாக்கக் கிடைக்காது.
இது நல்லதுதானே.”
ஒரு திருகாணியைத் தேடினார் வெகுநேரம்.
“அந்த மார்கழி ஞாயிறு
எனக்குக் கால் இருந்தது, பிள்ள.
ஓடினன்.
பக்கத்து வீட்டுப் படுக்கையில இருந்து
என்ர பேரச் சொல்லிக் கூப்பிட்டது
கேட்டது.”

அதை நான் எழுதவில்லை.

போயா நாள். காலை எட்டுப் பத்து.
மணி அடித்தது, பூசைக்கும் இல்லை, தொழுகைக்கும் இல்லை.
பாயும் பையுமாகச் சனம் வெளியே வந்தது.
பாதிப் பேர் சிரித்துக்கொண்டு,
பாதிப் பேர் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு.
சந்தூக் ஒழுங்கைக்குள் போய்
அவர் வாசலில் சிக்கியது.
கதவு இரண்டடி மூன்றங்குலம்,
சந்தூக் இரண்டடி ஐந்து.
போர்வையில் சுற்றி வெளியே எடுத்து
முற்றத்தில் வைத்துத்தான் ஏற்றினோம்.

பெரிய தெருவில் பஸ் நின்றது.
சாரதி பாட்டை நிறுத்தினான்.
ஒரு கிழவர் தொப்பியைச் சரிசெய்து, தலை குனிந்து,
நாலடி கூடவே நடந்தார், நன்மைக்காக.
அப்போது உள்ளேயிருந்து
ஒரு கை எழும்பி
பஸ்ஸைப் பார்த்து ஆட்டியது.
பஸ்ஸுக்குள் யாரோ கத்தினார்கள்.
தருமலிங்கம் ஐயா சிரித்ததில் முன்பக்கம் சரிந்து,
உவர்மலை ஏற்றத்தில் இரண்டு தரம் இறக்கி வைத்து,
முப்பத்தொரு நிமிஷம்.

கூடாது. முப்பத்தொன்று கூடாது.

கொப்பியில் இப்போது இப்படி இருக்கிறது:
வீடு 39. கதவு நிலை உடைத்து அகலிக்க, மேசன் சனிக்கிழமை.
மெகாபோன் பற்றரி, மாதம் முதலாந் திகதி கழற்றிப் பார்க்க.
தூக்க:
முசம்மில். தருமலிங்கம் ஐயா, முழங்கால் நோவானால் அவர் மருமகன்.
விகாரைக்குப் பால் கொடுக்கும் நந்தசிறி.
நாலாவது, றொட்னி.
றொட்னி தைக்குப் பிறகு கட்டாருக்குப் போகிறான்.
அந்தப் பெயரை மட்டும்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.