ஒப்படைப்புச் சீட்டு

எண்ணி எழுபத்தொன்பது நாள்.
ஓட்டு எண்ணி முடித்து, ஜெயித்தவர் மாலையும் வாடி,
அந்தியூர் ஸ்டேஷனில் சீட்டைக் காட்டி
இன்றைக்குத்தான் வாங்கி வந்தேன்.
விசையில் சணல் கட்டி ஓர் அட்டை:
வரிசை எண் பதினாலு.
பாவாத்தாள், எண்ணமங்கலம்.
பயிர்க் காவலுக்கு. ஒற்றைக் குழல்.
வாய்வழி கெட்டிப்பது.
அந்தக் கடைசி வரியைப் படித்து
பெண் போலீஸ் சிரித்தாள்.
மைனாவதி என்று நெஞ்சில் எழுதியிருந்தது.

தப்பு என்மேல்தான்.
ஒப்படைக்கும் முந்தின ராத்திரி
கடலைக்காட்டில் பன்றி.
வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி.
விடிந்தால் கடைசி நாள்,
பஸ்ஸும் ஏழரைக்கு,
கழுவாமல் கொடுத்துவிட்டேன்.
தின்ற வட்டலை மூன்று மாசம்
கழுவாமல் போட்டாற்போல.
எவர்சில்வர் வட்டலாவது துருப்பிடிக்காது.

மோட்டார் ரூமுக்கு வெளியே அடுப்பு மூட்டினேன்.
அண்டா நிறையத் தண்ணீர். ஒரு பிடி அரப்பு.
தேங்காய் நார், சலித்த செங்கல் தூள்,
திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் ஒரு கைப்பிடி
(எவனோ சீமைக்காரன் போடாமல் போன சட்டையின் கழுத்து),
கால் லிட்டர் கொட்டமுத்தெண்ணெய்.
கடைக்காரர் கேட்டார்: வயித்துக்குங்களா?
ஆமாங், ஆனா என் வயித்துக்கில்லைங்.

கெஜக்கோலை விட்டேன்.
முக்கால் சாணில் நின்றது.
கை தானாக விலகிக்கொண்டது.
நானே மறந்து கெட்டித்து வைத்தேனா?
மருந்தென்றால் அடியில் கிடக்கும்.
இது வாயில்.
கவிழ்த்துத் தட்டினேன், மண்.
எங்கள் காட்டுச் செம்மண் இல்லை,
ஸ்டேஷன் வாசலில் ஜீப் நசுக்கும் சாம்பல் மண்.

குளவி.
சுவரில் சாய்த்து வைத்த பதினாலு வாயில்
இதைத்தான் பிடித்திருக்கிறது அதற்கு.
உடைத்துப் பார்த்தால் மூன்று அறை.
ஒன்றில் மயங்கிய பச்சைப் புழுக்கள், அடுக்கினபடி.
ஒன்றில் அரிசி மாதிரி ஏதோ, நெளிந்தது.
மூன்றாவது காலி,
மூடி உள்ளிருந்து உடைந்திருந்தது.

வீட்டில் குளவி கட்டினால் பிள்ளை வரும் என்பார்கள்.
ஆயுதம் வைக்கிற அறைக்கும் அது செல்லுமா?
நினைத்துச் சிரித்தவள் பாதியில் நிறுத்தினேன்.
மைனாவதி துப்பாக்கியைத் தூக்கவில்லை.
நீங்களே எடுத்துக்குங்கக்கா என்றாள்,
மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்,
காக்கிச் சட்டையில் கடைசிப் பொத்தான்
போடாமல் இருந்தது.

கூட்டை வேலி ஓரம் கிளுவை அடியில் வைத்தேன்.
பிழைக்காது. தெரியும்.

அப்புறம் வெந்நீர்.
காதுத் துளை வழியே பீய்ச்சிக்கொண்டு வந்தது கறுப்பு,
கூழ்முட்டை நாற்றம். நாய் எழுந்து போய்விட்டது.
நார் சுற்றிக் குத்தினேன், தூள் போட்டுக் குத்தினேன்,
அரப்பு நுரை சாக்கடையாகி, துருத்தண்ணியாகி,
கடைசியில் வெறும் டீத்தண்ணி.
அதற்கு மேல் தெளியவில்லை. நானும் விட்டுவிட்டேன்.
குழல் பிடிக்க முடியாத சூடு.
அந்தச் சூட்டிலேயே உள்ளே உலரும்,
துடைத்தால் கூட அப்படி உலராது.
சூடு இறங்குமுன் எண்ணெய்த் துணி.
அடி வரைக்கும் போய் வழுக்கிக்கொண்டு திரும்புகிற
அந்த ஒரு இழுப்புக்காகத்தான்
முதுகுவலியெல்லாம்.

குழலுக்குள் கண் வைக்கக் கூடாது.
கழுவும் நாளில் மட்டும் வைப்பேன்.
இருட்டு, இருட்டு, கடைசியில்
காதுத் துளையில் மிளகளவு வெளிச்சம்.
பக்கச் சுவரில் ஒரு தழும்பு மட்டும் போகவில்லை,
எழுபத்தொன்பது நாளும்
உப்பு உட்கார்ந்து தின்ற இடம்.

பொழுதோட நைனாங் கடைத் தம்பி சொல்லிவிட்டுப் போனான்:
உள்ளாட்சித் தேர்தல் வருதாமாங்க்கா,
மறுபடி கொண்டுபோய்க் கட்டணும்.
அட்டையை அவிழ்க்கப் போன கை அப்படியே விட்டது.
பதினாலு பதினாலாகவே இருக்கட்டும்.

ராத்திரி பதினொன்றுக்குக் கடலைக்காட்டில் உறுமல்.
முதலில் தகரத்தைத் தட்டினேன்.
கேட்கவில்லை. வேரோடு பிடுங்குகிற சத்தம்.
இரண்டு கல் எறிந்தேன். டார்ச் அடித்தேன்.
இப்போதுதானே கழுவினேன் சாமி, என்று
பன்றியிடமே சொன்னேன்.

அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
அரை அண்டா இருந்தது, இன்னும் வெதுவெதுப்பாக.

அதன்பிறகுதான்
மருந்துக் குப்பியை எடுத்தேன்.